பட்டைக்கு 6 மைக்ரான்: ஒற்றை அச்சு மோட்டார் இயக்கம் கற்றபோது நேர்ந்த பிழையும் அதைக் கண்டுபிடித்த விதமும்

பின்னணி

கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகங்களையும் சிறிய எந்திரப் பாகங்களையும் ஆர்டரின் பேரில் செய்து கொடுக்கும் ஒரு பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங், மூன்று டிரில்லிங் மெஷின், ஆறு பேர். இந்த நிகழ்வில் வருபவர்கள் நால்வர்: உரிமையாளர், முப்பது ஆண்டுகளாக லேத்தில் நிற்கும் மூத்த டர்னர், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த இளைஞர், வாரத்தில் இரண்டு மாலை வந்து கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்ட நான். தொழிற்சாலைகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில்.

வேலை எளியதுதான். 300 மி.மீ நீளமுள்ள அலுமினியப் பட்டையில் 25 மி.மீ இடைவெளியில் 12 துளைகள். அனுமதிக்கப்பட்ட பிழை ±0.1 மி.மீ. அதுவரை கோடு போட்டு, சென்டர் பஞ்ச் அடித்து, ஒவ்வொன்றாகத் துளைத்தார்கள். டிரில்லிங் மெஷினின் மேசையைக் கணினி சொல்லும் தூரத்துக்கு மோட்டார் நகர்த்த வேண்டும், துளையிடுபவர் கைப்பிடியை இறக்கினால் போதும் என்ற நிலை வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். ஆயத்தமாக விற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கிப் பொருத்தியிருக்கலாம். ஆனால் பட்டறையிலேயே இருவருக்கு இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நானும் அதையே விரும்பினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பெட்டி பழுதானால் பட்டறை பல நாள் முடங்கிவிடும்.

கற்றல் மேசையில் முதல் வாரங்கள்

மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு பலகையில் சிறிய அமைப்பு ஒன்றைச் செய்தோம். நெமா 17 அளவு (நெமா என்பது மோட்டார் முகப்பின் அளவுத் தரம்) ஸ்டெப்பர் மோட்டார், மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் சிறிய டிரைவர் அட்டை, அதற்குக் கட்டளை அனுப்பும் ஆர்டுவினோ என்ற சிறு கணினி அட்டை, 8 மி.மீ விட்டமுள்ள திருகுத்தண்டு, அதில் ஓடும் ஒரு கட்டை.

ஸ்டெப்பர் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்தவுடன் சுற்றத் தெரியாது. ஒரு மின்துடிப்புக்கு ஓர் அடி நகரும், அவ்வளவுதான். வழக்கமான வகையில், மோட்டாருக்குள் சுற்றும் பாகமான சுழலியில் 50 பற்கள். ஒரு பல்லைக் கடக்க நான்கு முழு அடிகள். ஆக ஒரு சுற்றுக்கு 200 அடிகள், அடிக்கு 1.8 பாகை. டிரைவர் ஓர் அடியை 16 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 3200 துடிப்புகள். இந்தக் கணக்கை இளைஞர் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் 10 மி.மீ நகரச் சொன்ன கட்டை 40 மி.மீ ஓடி முனைப் பலகையில் மோதியது. முனைக்கு வந்தால் ஓட்டத்தை நிறுத்தும் எல்லை சுவிட்ச் அப்போது பொருத்தியிருக்கவில்லை. இளைஞர் நிரலை வரி வரியாகத் தேடினார், பிழை எதுவும் இல்லை. டர்னர் தண்டைக் கழற்றி, முனையை விளக்கின் பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தைப் புரியின் வாயில் வைத்து மெதுவாகச் சுற்றினார். நகம் நான்கு இடங்களில் விழுந்தது. "தம்பி, இது நான்கு ஸ்டார்ட் புரி. பிட்ச் 2, லீடு 8" என்றார். நான்கு புரிகள் அருகருகே சேர்ந்து ஓடும் தண்டு அது. அடுத்தடுத்த புரிகளின் இடைவெளியான 2 மி.மீ-ஐ அளந்து இளைஞர் கணக்கிட்டிருந்தார். ஒரு சுற்றுக்குக் கட்டை நகரும் தூரமோ 8 மி.மீ. மி.மீட்டருக்கு 1600 துடிப்பு என்று போட்ட இடத்தில் 400 போட்டவுடன் தூரம் சரியாகிவிட்டது. லேத்தில் பல ஸ்டார்ட் புரி வெட்டியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிகிற விஷயம் இது. இதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது பாடம் வேகம். விநாடிக்கு 300 முழு அடிகள் என்றால் நின்ற நிலையிலிருந்து மோட்டார் சுலபமாகக் கிளம்பியது. 1000 என்றால் நின்ற இடத்திலேயே கீச்சிட்டது. சுழலிக்கும் தண்டுக்கும் எடை உண்டு. காந்தப்புலம் முன்னே ஓடிவிட, சுழலி அதை எட்டிப்பிடிக்க முடியாமல் நடுங்குகிறது. அதே 1000-ஐ மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுத்தால் தடையில்லாமல் ஓடுகிறது. எனவே முடுக்கி, ஓடி, வேகம் குறைத்து நிற்கும் வடிவத்தை நிரலில் எழுதினோம். 12 வோல்ட்டை 24 வோல்ட்டாக்கியபோது உச்ச வேகம் நன்றாகக் கூடியதையும் பார்த்தார்கள். சுருளில் மின்னோட்டம் ஏற நேரம் பிடிக்கும், அழுத்தம் கூடினால் அது சீக்கிரம் ஏறும். ஏறிய ஓட்டத்தை டிரைவர் ஓர் எல்லையில் வெட்டிவிடுவதால் மோட்டார் கருகாது.

மெஷினில் பொருத்தியது

டிரில்லிங் மேசைக்கு இன்னும் பெரிய நெமா 23 மோட்டாரும், சுற்றுக்கு 5 மி.மீ நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் (குண்டுகளின் மேல் ஓடும் திருகுத்தண்டு), உள்ளீடுகளில் ஒளிப்பிணைப்பி (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) கொண்ட பெரிய டிரைவரும், 36 வோல்ட் மின்வழங்கியும் எடுத்தோம். டிரைவரைச் சுற்றுக்கு 1600 துடிப்பு என்று அமைத்தோம். மி.மீட்டருக்கு 320 துடிப்பு, ஒரு துடிப்புக்கு 3.125 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 25 மி.மீ என்பது மிச்சமில்லாமல் 8000 துடிப்பு. வேகம் விநாடிக்கு 30 மி.மீ, முடுக்கம் ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் 100 மி.மீ/விநாடி கூடும் அளவு. வேகத்தை எட்ட 4.5 மி.மீ போகிறது, நிறுத்த இன்னொரு 4.5. ஒரு நகர்வுக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல். துளையிடுபவரின் கை வேகத்துக்கு இது தாராளம்.

விநாடிக்கு 9600 துடிப்பு சீராகப் போக வேண்டும் என்பதால் இளைஞர் நிரலில் ஒரு மாற்றம் செய்தார். டிரைவருக்கு ஆர்டுவினோ இரண்டு மின்முனைகள் வழியாகச் சொல்கிறது: ஒன்றில் துடிப்பு, மற்றதில் திசை. ஆர்டுவினோவின் வழக்கமான கட்டளை ஒரு முனையை மாற்றச் சில மைக்ரோவினாடி எடுக்கும். அதை விட்டுவிட்டு, முனைகளை நேரடியாக மாற்றும்படி எழுதினார். நல்ல எண்ணத்தில் செய்த நல்ல வேலை. நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

என்ன கண்டோம்

முதல் பட்டை அருமையாக வந்தது. துளைகளில் இறுக்கமான பின்களைச் செருகி டர்னர் வெர்னியரில் அளந்தார். எந்த இடைவெளியும் 0.03-க்கு மேல் தவறவில்லை. அன்று மதியத்துக்குள் 40 பட்டைகள் முடிந்தன. இடையிடையே எடுத்து அளந்தவற்றிலும் இடைவெளி சரியாகவே இருந்தது.

மாலையில் டர்னர் முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு ஓரங்களிலும் உள்ள துளைகளில் பின்களைச் செருகினார். பின்கள் நேராக இறங்கின. பிறகு பட்டைகளின் முனை ஓரத்தில் நகத்தை இழுத்தார். நகம் தட்டியது. பட்டையின் ஓரத்திலிருந்து முதல் துளைக்குள்ள தூரம் 0.24 மி.மீ நகர்ந்திருந்தது. துளைகளுக்கிடையே உள்ள தூரத்தை மட்டுமே நாங்கள் அளந்ததால் இது கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி அளந்ததில் 18-ஆவது பட்டையிலிருந்து எல்லை தாண்டியிருந்தது. 23 பட்டைகள் கழிவு.

முன்வைத்த யோசனைகள்

மறுநாள் காலை மூவரும் மூன்று யோசனையுடன் வந்திருந்தார்கள்.

மோட்டார் பாரம் தாங்காமல் அடிகளைத் தவறவிடுகிறது, வேகத்தைப் பாதியாக்கலாம் என்றார் இளைஞர். மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு வழுக்குகிறது என்றார் டர்னர். உரிமையாளர் விற்பனையாளரிடம் பேசிவிட்டு வந்திருந்தார். சுழற்சியை அளக்கும் என்கோடர் பொருத்திய, தன் நிலையைத் தானே சரிபார்க்கும் ஸ்டெப்பர் கிடைக்கிறது, விலை அதிகம், ஆனாலும் வாங்கிவிடலாம் என்றார். அது வரும் வரை ஒவ்வொரு பட்டைக்கும் முன் மேசையை, தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் சுவிட்சில் தொட்டுத் திரும்ப வைத்தால் வேலை ஓடும் என்பதும் அவர் யோசனை.

கடைசியாகச் சொன்னது உண்மையிலேயே பலன் தந்திருக்கும். அன்றே வேலை தொடங்கியிருக்கும். இருந்தும் ஒரு நாள் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். ஹோம் தொட்டால் பிழை மறையும். காரணம் உள்ளேயே இருக்கும். நாளை ஒரு பட்டைக்குள்ளேயே முன்னும் பின்னும் போக வேண்டிய வேலை வந்தால், அது நடுவில் தலைகாட்டும்.

டர்னர் எழுதி வைத்த 40 அளவுகளும் தாளில் இருந்தன. அவற்றைப் புள்ளிகளாக வரைந்தோம். கிட்டத்தட்ட நேர்கோடு. தாவல் எங்கும் இல்லை. பட்டைக்கு 6 மைக்ரான் வீதம் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தது.

இந்தக் கோடு இளைஞரின் யோசனையை அப்போதே தள்ளிவிட்டது. அதற்கான காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அனுபவத்தில் மிகுந்த பயன் தருவது இதுதான். பாரம் தாங்காமல் சுழலி நழுவினால் அது தான் பிடித்திருந்த பல்லை விட்டு அடுத்த பல்லில்தான் போய்ப் பிடிக்கும். இடையில் நிற்க இடம் கிடையாது. ஒரு பல் என்பது நான்கு முழு அடிகள், 7.2 பாகை. எங்கள் ஸ்க்ரூவில் அது சரியாக 0.1 மி.மீ. ஆகவே அடி தவறியிருந்தால் அளவு 0.1, 0.2 என்று படிக்கட்டாக ஏறியிருக்கும். 6 மைக்ரானாக ஊர்ந்து வராது.

கப்ளிங் வழுக்கினால் சீராக வழுக்காது. ஆனாலும் டர்னரின் சொல்லைச் சோதிக்காமல் விட மனமில்லை. மோட்டார் தண்டிலும் கப்ளிங்கிலும் ஸ்க்ரூவிலும் ஒரே கோடாகப் பெயிண்ட் தீட்டி ஓடவிட்டோம். கோடு பிளவுபடவில்லை. வெப்பத்தால் ஸ்க்ரூ நீள்வதும் மனத்தில் வந்தது. அது முதலில் ஏறி, பின் ஓரிடத்தில் நின்றுவிடும். மதிய உணவு வேளையில் மெஷின் ஆறியபோது புள்ளிகள் கீழே இறங்கியிருக்கும். அப்படி எதுவும் தாளில் இல்லை.

சோதனை

எஞ்சியிருந்த கேள்வி ஒன்றுதான்: பிழை எதைப் பொறுத்து வளர்கிறது? ஓடிய தூரத்தையா, நகர்வுகளின் எண்ணிக்கையையா, திசை மாறிய எண்ணிக்கையையா? டிரில்லை நிறுத்தி, மேசையின் ஓரத்தில் 0.01 மி.மீ பிரிவுள்ள டயலை வைத்து, முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பினோம்.

முதல் ஓட்டம்: 1 மி.மீ போய்த் திரும்புவது, 100 முறை. முள் 0.62-இல் நின்றது. இரண்டாவது: 20 மி.மீ போய்த் திரும்புவது, அதே 100 முறை. ஓடிய தூரம் இருபது மடங்கு. முள் மறுபடியும் 0.62 முதல் 0.63-க்குள் நின்றது. மூன்றாவது ஓட்டத்தில் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கினோம், மாற்றமில்லை. நான்காவதில் ஒரே திசையில் 1 மி.மீ வீதம் 100 நகர்வுகள் போய், ஒரே ஓட்டமாகத் திரும்பினோம். முள் சுழியத்தைவிட்டு விலகியது கண்ணுக்குத் தெரியவில்லை.

டர்னர் நான்கு அளவுகளையும் சாக்பீஸால் மேசையில் எழுதிவிட்டு, "திரும்பும்போதுதான் தின்கிறது" என்றார். 0.62 மி.மீட்டரை 100-ஆல் வகுத்தால் ஒரு போக்குவரத்துக்கு 6.2 மைக்ரான். அதாவது இரண்டு துடிப்பு. இது தற்செயலாக வருகிற எண் இல்லை.

காரணம்

டிரைவரின் கையேட்டில் துடிப்பு நேரங்களைக் காட்டும் ஒரு படம் உண்டு. துடிப்பின் அகலம் குறைந்தது 2.5 மைக்ரோவினாடி இருக்க வேண்டும். திசை முனை மாறிய பிறகு முதல் துடிப்பு வருவதற்குள் குறைந்தது 5 மைக்ரோவினாடி இடைவெளி வேண்டும். முதல் நிபந்தனையை இளைஞர் நிறைவேற்றியிருந்தார், இல்லாவிட்டால் மோட்டாரே ஓடியிருக்காது. இரண்டாவது விடுபட்டிருந்தது. முனைகளை நேரடியாக மாற்றியதால், திசை மாறி ஒரு மைக்ரோவினாடியில் சிறு பங்குகூட ஆகும் முன் முதல் துடிப்பு புறப்பட்டுவிட்டது.

ஒளிப்பிணைப்பி ஒளிரும் வேகமும் அணையும் வேகமும் ஒன்றல்ல. அணையும்போது பொதுவாகத் தாமதமாகும். அதனால் ஒரு திசை மாற்றத்தில் மட்டும் டிரைவர் பழைய திசையையே கண்டு, முதல் துடிப்பை அந்தப் பக்கமே நகர்த்தியது. பின்னால் போயிருக்க வேண்டிய ஒன்று முன்னால் போனால் வித்தியாசம் இரண்டு. இரு திசையிலும் ஒரே மாதிரி தவறியிருந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருக்கும், நாங்கள் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம்.

கற்றல் மேசையில் இது ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. அந்தச் சிறிய அட்டையில் ஒளிப்பிணைப்பி கிடையாது. அதற்குத் தேவையான இடைவெளி 200 நானோவினாடி மட்டுமே. அங்கே பழைய, மெதுவான கட்டளைகளையும் பயன்படுத்தியிருந்தோம். அந்த மெதுவே எங்களைக் காப்பாற்றியிருந்தது.

விலை உயர்ந்த மோட்டாரை அன்று வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உரிமையாளர் கேட்டார். பிழை அப்படியே நீடித்திருக்கும் என்பதுதான் பதில். அந்த மோட்டாரின் டிரைவர், தன்னிடம் வந்த துடிப்புகளை எண்ணி, அந்த எண்ணிக்கையோடு என்கோடரை ஒப்பிடும். திசையைத் தவறாகப் படித்தால், தவறாகப் படித்த இடத்துக்கே மிகச் சரியாகப் போய் நிற்கும்.

திருத்தமும் முடிவும்

நிரலில் ஒரு வரி கூடியது: திசையை மாற்றினால் 20 மைக்ரோவினாடி காத்திரு. கையேடு கேட்பதைப் போல நான்கு மடங்கு. ஒரு விநாடிக்கு மேல் ஆகும் நகர்வில் இதற்கு எடையே இல்லை. 100 போக்குவரத்துக்குப் பின் முள் சுழியத்தில் நின்றது. 1000 முறை ஓடவிட்டுவிட்டு டீ குடித்து வந்து, வெகுநேரம் கழித்துப் பார்த்தோம். ஒரு பிரிவுக்குள்தான் இருந்தது.

ஹோம் சுவிட்ச் யோசனையையும் சேர்த்துக்கொண்டோம், வேறு பொறுப்பில். ஒவ்வொரு பட்டைக்கு முன்பும் மேசை சுவிட்சைத் தொடும். தொட்ட இடம் எதிர்பார்த்த இடத்திலிருந்து 0.05 மி.மீ-க்கு மேல் விலகியிருந்தால் நிரல் திருத்திக்கொள்ளாது; நின்று, சிவப்பு விளக்கை எரியவிடும். முதல் நாளிலேயே அது இரண்டு முறை எரிந்தது. டிரில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் விழும் கணத்தில் சுவிட்ச் ஒயரில் வந்த மின்னிரைச்சல்தான் காரணம். இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையுள்ள ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மோட்டார் ஒயரிலிருந்து தள்ளிக் கட்டியதும் நின்றது.

அடுத்து வந்த 200 பட்டைகளில் கழிந்தவை மூன்று. மூன்றுமே அடியில் அலுமினியச் சுருள் சிக்கியதால் சாய்ந்தவை.

அதன்பின் கற்றது

வேலை ஓடத் தொடங்கிய பின் கற்றல் மேசைக்குத் திரும்பி, என்கோடர் உள்ள டி.சி. மோட்டாரை எடுத்தோம். என்கோடரில் சுற்றுக்கு 600 கோடுகள். இரண்டு அலைகளின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் 2400. இங்கே கணினிக்குப் பிழை தெரியும், அதைப் பார்த்து மோட்டாருக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றும்.

பிழையின் அளவு, அது சேர்ந்த தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் வைத்து மின்னழுத்தத்தை முடிவு செய்யும் பி.ஐ.டி. சமன்பாட்டை எழுதிக் காட்டியபோது டர்னர் பேசாமல் இருந்தார். மோட்டாரை ஓரிடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, தண்டை விரல்களால் திருப்பச் சொன்னேன். விகிதப் பகுதி மட்டும் இருந்தபோது தண்டு ஸ்பிரிங் போல எதிர்த்தது. விட்டவுடன் இருபுறமும் ஆடியது. வகையீட்டுப் பகுதியைச் சேர்த்ததும் கிரீசில் திருப்புவதுபோல் கனத்து, ஆட்டம் அடங்கியது. தொகையீட்டுப் பகுதியைச் சேர்த்தபோது கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். தண்டின் தள்ளல் மெதுவாகக் கூடிக்கொண்டே போனது. "விட மாட்டேன் என்கிறது" என்று கையை எடுத்தார். தண்டு இலக்கைத் தாண்டி வெகுதூரம் பாய்ந்து, பிறகு திரும்பி வந்தது. சேர்ந்துபோன தொகைக்கு எல்லை போட வேண்டும் என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

முதல் குறை என்னுடையது. நிரலைப் பார்த்தேன், டிரைவரின் நேரப் படத்தைப் பார்க்கவில்லை. புதிய டிரைவர் வந்தால் நிரல் எழுதுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தை இருவரும் உரக்கப் படித்து, எண்களை நிரலின் தலைப்பில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஸ்டெப்பரைக் கற்பிக்கும்போது வேகம், முடுக்கம் என்று ஓடிவிடுகிறோம். திசைக்கும் நேரம் தேவை என்பதை முதல் மாலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எதை அளக்கிறோம் என்பதும் மாறியது. இடைவெளியோடு, ஓரத்திலிருந்து முதல் துளைக்கான தூரமும் பத்துப் பட்டைக்கு ஒரு முறை தாளில் ஏறுகிறது. டர்னர் அந்த 40 அளவுகளையும் வரிசையாக எழுதியிராவிட்டால் நேர்கோடு கிடைத்திருக்காது. வேகத்தைக் குறைத்தும், திருகை இறுக்கியும், மோட்டாரை மாற்றியும் பல வாரங்களைக் கழித்திருப்போம்.

எல்லை சுவிட்ச் இல்லாமல் எந்த அச்சும் இனி ஓடாது, கற்றல் மேசையில்கூட.

இப்போது மேசையின் குறுக்கு அச்சுக்கும் மோட்டார் போடுகிறார்கள். நிரலை இளைஞர் எழுதுகிறார், என்கோடர் இணைப்பை டர்னர் பற்றவைக்கிறார். டிரில் பிட்டை மாட்டுவதற்கு முன் டயலை வைத்து 100 முறை போய்த் திரும்பும் சோதனை நடக்கும். அதற்கான தாளில் கட்டங்களை டர்னர் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருக்கிறார்.